தற்காலிகமாக வெளிநாட்டில் வசிக்கும்போது அமெரிக்க மாநில வருமான வரியை எப்படிக் கையாள்வது?

அமெரிக்காவில் வேலை பார்ப்பவரை ஓராண்டுக்கோ ஒன்றரை ஆண்டுக்கோ சிங்கப்பூருக்கோ மியூனிக்குக்கோ பெங்களூருக்கோ நிறுவனம் அனுப்புவது சாதாரணமாகிவிட்டது. விசா, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறவர்கள், விட்டுப்போகும் மாநிலத்தின் வருமான வரியைப் பற்றி மட்டும் கணக்குத் தாக்கல் செய்யும் அடுத்த ஏப்ரலில்தான் யோசிக்கிறார்கள். அப்போது செய்வதற்கு அதிகம் மிஞ்சியிருக்காது. ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் எழுதியிருந்தது, வீட்டை என்ன செய்தீர்கள், குடும்பம் எங்கே இருந்தது, எத்தனை நாள் வந்துபோனீர்கள் என்பவற்றைத்தான் மாநிலம் பார்க்கும். இவற்றில் பெரும்பாலானவை விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன.

திரும்பி வரும் எண்ணத்தோடு வெளிநாடு போகும் அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அமெரிக்காவையே வசிப்பிடமாகக் கொண்டுவிட்ட எச்-1பி ஊழியர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. மூட்டை கட்டிக்கொண்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

மத்திய அரசின் விடை மாநிலத்துக்குச் செல்லாது

இந்தியாவில் சம்பளத்துக்கு வருமான வரி விதிப்பது மத்திய அரசு மட்டுமே என்பதால், அமெரிக்காவில் மாநிலங்கள் தனியாக, தத்தம் விதிகளோடு வரி வாங்குகின்றன என்பதை அறிந்திருந்தாலும், அந்த விதிகள் மத்திய விதிகளிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது நம்மவர்களுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. வெளிநாட்டில் தொடர்ச்சியான 12 மாதங்களில் 330 முழு நாட்கள் இருந்தவர், படிவம் 2555 மூலம் வெளிநாட்டுச் சம்பளத்தில் ஒரு பெரும் பகுதியை அமெரிக்க மத்திய வரியிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். 2025-ஆம் ஆண்டுக்கு அந்த வரம்பு 1,30,000 டாலர். இந்த விலக்கு கிடைத்துவிட்டதால் மாநிலத்துக்கும் ஒன்றும் கட்டவேண்டியதில்லை என்று முடிவு கட்டுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

கலிபோர்னியா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா ஆகிய மாநிலங்கள் அந்த விலக்கை ஏற்பதில்லை. நீங்கள் அங்கே வசிப்பவர் என்ற நிலை தொடருமானால், வெளிநாட்டில் ஈட்டிய சம்பளம் முழுவதும் மாநில வரிக்கு உட்படும். நியூயார்க் மத்திய அரசின் கணக்கிலிருந்தே தன் கணக்கைத் தொடங்குவதால், அங்கே விலக்கு தானாகவே கடந்து வந்துவிடுகிறது. ஆனாலும் வரம்புக்கு மேற்பட்ட சம்பளம், வட்டி, ஈவுத்தொகை, பங்கு லாபம் ஆகியவை அதற்குள் வராது.

வெளிநாட்டில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. மத்திய கணக்கில் படிவம் 1116 வழியாகக் கிடைக்கும் வெளிநாட்டு வரிக் கழிவு கலிபோர்னியாவிலும் பென்சில்வேனியாவிலும் கிடையாது. மற்ற மாநிலங்களுக்குக் கட்டிய வரிக்குத் தரும் கழிவை நியூயார்க் கனடாவின் மாகாணங்கள் வரை நீட்டுகிறதே தவிர, இந்தியாவுக்கோ ஜெர்மனிக்கோ கட்டிய வரிக்குத் தருவதில்லை. இந்திய-அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தமும் அமெரிக்கத் தரப்பில் மத்திய வருமான வரியைத்தான் குறிப்பிடுகிறது. மாநில வரியை அது கட்டுப்படுத்தாது. ஆகவே இந்தியாவில் 30 சதவீத அடுக்கில் வரி கட்டிய அதே சம்பளத்துக்குக் கலிபோர்னியாவில் மறுபடியும் வரி கட்டவேண்டி வருவது நடைமுறையில் நடக்கக்கூடியதே.

டொமிசைல் எங்கே என்பதை முதலில் தீர்மானியுங்கள்

மாநிலங்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றன. உங்கள் டொமிசைல், அதாவது எங்கே போனாலும் திரும்பி வரும் எண்ணத்தோடு நீங்கள் வைத்திருக்கும் நிலையான இருப்பிடம், எது என்பது ஒன்று. அந்த ஆண்டில் நீங்கள் உண்மையில் எங்கே, எவ்வளவு காலம், என்ன நோக்கத்தில் இருந்தீர்கள் என்பது மற்றொன்று. ஒருவருக்கு ஒரே சமயத்தில் ஒரு டொமிசைல்தான் இருக்க முடியும். புதிய ஒன்றை நிறுவாத வரை பழையது போவதில்லை. கலிபோர்னியாவை விட்டுப் புறப்பட்டுவிட்டேன் என்பது பாதி விடைதான். வேறு எந்த இடத்தை நிரந்தரமாக்கிக்கொண்டீர்கள் என்பதே மீதி.

வெளிநாடு போகிறவர்களுக்கு இந்த இரண்டாவது பாதிதான் இடிக்கிறது. இரண்டாண்டு வேலை விசாவில் சிங்கப்பூரில் இருப்பவர், சிங்கப்பூரையே நிரந்தர இருப்பிடமாக்கிக்கொண்டேன் என்று சொன்னால் எந்தத் தணிக்கையாளரும் முதலில் அந்த விசாவைத்தான் எடுத்துப் பார்ப்பார். அமெரிக்கக் குடிமகன் வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தைத் தெளிவாகக் காட்டாத வரை, அங்கே போனதாலேயே டொமிசைல் மாறியதாகக் கொள்வதில்லை என்பது நியூயார்க்கின் விதிமுறைகளிலேயே இருக்கும் நிலைப்பாடு. மற்ற மாநிலங்களும் ஏறக்குறைய இப்படித்தான் அணுகுகின்றன.

எனவே உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. டொமிசைல் மாறிவிட்டது என்று நிரூபிப்பது ஒரு வழி. டொமிசைல் பழைய மாநிலத்திலேயே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, நீண்ட காலம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக அந்த மாநிலச் சட்டம் தந்திருக்கும் விலக்கில் நுழைவது இன்னொரு வழி. திரும்பி வரப்போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் பொருத்தமானது என்பது என் கருத்து. அதில் உள்நோக்கத்தை நிரூபிக்கும் பாடு இல்லை, நாட்களை எண்ணினால் பெரும்பாலும் போதும். இரண்டையும் கலந்து, ஓட்டுநர் உரிமத்தை ஒப்படைத்துவிட்டு வீட்டை மனைவி மக்களோடு அப்படியே வைத்திருப்பது போன்ற அரைகுறை ஏற்பாடுகளைச் செய்கிறவர்களே சிக்கிக்கொள்கிறார்கள்.

விட்டுப்போகும் மாநிலத்தின் விதியைப் பாருங்கள்

டெக்சாஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன், நெவாடா, டென்னசி, அலாஸ்கா, வயோமிங், தெற்கு டகோட்டா, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய ஒன்பது மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. டாலஸிலிருந்தோ ஹூஸ்டனிலிருந்தோ புறப்படுகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். சொல்லப்போனால் அவர்கள் அந்த டொமிசைலைப் பத்திரமாகக் காப்பாற்றிக்கொள்வதுதான் நல்லது. வாஷிங்டனில் மட்டும் ஒரு எச்சரிக்கை: 2022 முதல் அங்கே பெரிய அளவிலான நீண்டகால மூலதன லாபத்துக்கு வரி உண்டு, பங்கு விற்ற லாபத்தில் டொமிசைல்தான் கணக்கு. சியாட்டிலில் வேலை பார்த்துச் சேர்த்த பங்குகளை வெளிநாட்டில் இருக்கும்போது மொத்தமாக விற்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

கலிபோர்னியாவின் விலக்கு 546 நாள் விதி. வேலை சம்பந்தமான ஒப்பந்தத்தின்பேரில் தொடர்ச்சியாகக் குறைந்தது 546 நாட்கள் மாநிலத்துக்கு வெளியே இருப்பவர், டொமிசைல் கலிபோர்னியாவிலேயே இருந்தாலும், அந்தக் காலத்தில் அங்கே வசிக்காதவராகக் கருதப்படுவார். இடையில் ஊருக்கு வந்துபோகும் நாட்கள் எந்த ஒரு வரி ஆண்டிலும் மொத்தம் 45-ஐத் தாண்டக்கூடாது. வட்டி, ஈவுத்தொகை, பங்கு லாபம் போன்ற வருமானம் ஒப்பந்தக் காலத்தின் எந்த ஆண்டிலும் 2,00,000 டாலரைத் தாண்டக்கூடாது. வரியைத் தவிர்ப்பதே பயணத்தின் முதன்மை நோக்கமாக இருக்கக்கூடாது. உடன் சென்று அதே போல் 546 நாட்கள் வெளியே இருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ இந்த விலக்கு பொருந்தும்.

இதைத் தேதியில் பார்த்தால் நன்றாகப் புரியும். 2025 ஜனவரி 10 அன்று சான் ஹோசேயிலிருந்து புறப்பட்டவருக்கு 546 நாட்கள் 2026 ஜூலை 10 வாக்கில்தான் நிறைவடைகின்றன. நிறுவனங்கள் வழக்கமாக எழுதிக்கொடுக்கும் 12 மாத ஒப்பந்தம் இதில் மூன்றில் இரண்டு பங்குதான் வருகிறது. வரிக் கண்ணோட்டத்தில் கலிபோர்னியாக்காரருக்கு ஓராண்டு என்பது மிக மோசமான கால அளவு: மத்திய விலக்குக்குத் தேவையான 330 நாட்கள் கிடைத்துவிடும், மாநில விலக்குக்கான 546 கிடைக்காது, எனவே மத்திய அரசுக்கு ஏதும் கட்டாத சம்பளத்துக்கு மாநிலத்துக்கு முழுதாகக் கட்ட நேரிடலாம். மேலாளர் "முதலில் ஒரு வருடம், பிறகு பார்த்து நீட்டிக்கலாம்" என்று சொன்னால், அந்த நீட்டிப்பைத் தொடக்கத்திலேயே 19 அல்லது 20 மாதமாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விதி முழுவதும் ஒப்பந்தத்தின் மேல் நிற்பதால், வாய்மொழி உறுதி பயன்படாது.

546 நாட்கள் நிறையவில்லை என்பதற்காக நீங்கள் தானாகவே வசிப்பவர் ஆகிவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். அப்போது பொதுவான அளவுகோலுக்குத் திரும்புகிறோம்: வெளியே போனது தற்காலிகமான, கடந்துபோகிற நோக்கத்துக்கா இல்லையா என்பதை வீடு, குடும்பம், வங்கி, வாகனம், மருத்துவர், தொழில் தொடர்புகள் என்று பல சான்றுகளைச் சேர்த்து எடைபோடுவார்கள். திரும்பி வரும் தேதி நிச்சயிக்கப்பட்ட, ஓராண்டுக்கு உட்பட்ட பயணத்துக்கு இந்த எடைபோடல் சாதகமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கமாட்டேன்.

இன்னொரு கண்ணி, கணவன் மட்டும் போய் மனைவி கலிபோர்னியாவிலேயே தங்கிவிடும் குடும்பங்களுக்கு. கலிபோர்னியாவில் தம்பதியரின் சம்பாத்தியம் இருவருக்கும் சமமான பொதுச்சொத்து. கணவர் 546 நாள் விதியில் வசிக்காதவர் ஆனாலும் அவருடைய டொமிசைல் கலிபோர்னியாவில்தான் இருக்கிறது. ஆகவே அவர் பெங்களூரில் ஈட்டும் சம்பளத்தில் பாதி சட்டப்படி மனைவியுடையது, மனைவியோ அங்கே வசிப்பவர். அந்தப் பாதிக்குக் கலிபோர்னியா வரி விதிக்கும். பிள்ளையின் பள்ளி ஆண்டு முடியட்டும் என்று குடும்பத்தைப் பின்னால் விட்டுப்போகிறவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

நியூயார்க்கில் டொமிசைல் உள்ளவர்களுக்கு இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று எளிதாகச் சொல்லக்கூடியது: ஆண்டு முழுவதும் நியூயார்க்கில் நிரந்தரத் தங்குமிடம் ஏதும் இல்லாமல், வெளியே ஒரு நிரந்தரத் தங்குமிடம் வைத்திருந்து, அந்த ஆண்டில் 30 நாட்களோ அதற்குக் குறைவாகவோ நியூயார்க்கில் இருந்தால், நீங்கள் வசிக்காதவர். நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவும் ஏறக்குறைய இதே 30 நாள் விதியை வைத்திருக்கின்றன. இதில் சிக்கல் "நிரந்தர" என்பதில் இருக்கிறது. குறிப்பிட்ட வேலைக்காகக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுவனம் எடுத்துத் தந்த அடுக்குமாடி வீடு நிரந்தரத் தங்குமிடம் அல்ல என்று வாதிட இடமிருக்கிறது.

மற்றது 548 நாள் விதி, வெளிநாடு போகிறவர்களுக்காகவே வகுக்கப்பட்டது. தொடர்ச்சியான 548 நாட்களில் குறைந்தது 450 நாட்கள் ஒன்றோ பலவோ வெளிநாடுகளில் இருக்கவேண்டும். அதே 548 நாட்களில் நீங்களும், கணவன் அல்லது மனைவியும், வயதுவராத பிள்ளைகளும் நியூயார்க்கில் 90 நாட்களுக்கு மேல் இருக்கக்கூடாது. பலருக்குத் தெரியாத மூன்றாவது நிபந்தனை, தொடங்கும் ஆண்டிலும் முடியும் ஆண்டிலும் அந்த 90 நாட்களை விகிதப்படி பிரித்துப் பார்ப்பார்கள் என்பது. 2025 ஜூலை 1 அன்று காலம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அது 2026 டிசம்பர் 30 அன்று முடியும். 2025-இல் மிஞ்சியிருப்பது 184 நாட்கள். 184-ஐ 90-ஆல் பெருக்கி 548-ஆல் வகுத்தால் 30 சொச்சம். அதாவது ஜூலை முதல் டிசம்பர் வரை 30 நாட்களுக்கு மேல் நீங்கள் நியூயார்க்கில் கால் வைத்திருக்கக்கூடாது. 90 நாட்கள் கையில் இருக்கின்றனவே என்று முதல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கே ஐந்து வாரம் வந்துவிட்டால், பின்னால் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் விலக்கு போய்விடும்.

இந்த 450 நாள் கணக்கில் இன்னொரு நுணுக்கம் உண்டு. டெக்சாஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் தங்கினால், நியூயார்க்கின் 90-இல் அது சேராது. ஆனால் வெளிநாட்டில் இருந்த நாட்களாகவும் அது ஆகாது. 548-இலிருந்து 450 போக உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி 98 நாட்கள், அமெரிக்காவின் எந்த மூலைக்கு வந்தாலும் அதிலிருந்துதான் கழியும். மாறாக, லண்டனில் வேலை பார்த்துக்கொண்டே மதுரைக்கு விடுமுறையில் போனால் அந்த நாட்களும் வெளிநாட்டு நாட்களே. இந்த விலக்குக்கு நியூயார்க் வீட்டை விற்கவேண்டியதில்லை என்பது இதன் பெரிய அனுகூலம். மாநகரத்தில் வசிப்பவர்களுக்கு நியூயார்க் நகர வரியும் இதனோடு சேர்ந்தே நீங்கிவிடுகிறது.

சில மாநிலங்கள் மத்திய அரசின் அளவுகோலையே எடுத்துக்கொண்டு வேலையை எளிதாக்கியிருக்கின்றன. ஒரிகானில் டொமிசைல் உள்ளவர், மத்திய விலக்குக்குத் தகுதி பெற்றுவிட்டால் வசிக்காதவர் ஆகிவிடுகிறார். மினசோட்டாவும் இப்படித்தான், ஆனால் அங்கே சொத்து வரியில் சொந்தக் குடியிருப்புச் சலுகை பெறும் வீட்டை வைத்திருக்கக்கூடாது. கனெக்டிகட்டில் நியூயார்க் போன்ற 548 நாள் விதி இருக்கிறது. ஐடஹோவில் 15 மாதங்களில் 445 நாட்கள். உங்கள் மாநிலத்துக்கு இப்படி ஒரு விதி இருக்கிறதா என்பதை அந்த மாநில வரித்துறையின் படிவ விளக்கக் குறிப்பிலேயே "டொமிசைல்", "வெளிநாடு" என்ற தலைப்புகளுக்குக் கீழே பார்க்கலாம். எந்த விதியும் இல்லாத மாநிலமாக இருந்தால் பொது அளவுகோல்தான் மிச்சம்.

போகிற வழியில் ஒரு மாதம் ஃபுளோரிடாவில் இருந்து உரிமம் எடுத்துக்கொண்டு அங்கிருந்து புறப்பட்டால் என்ன என்ற யோசனையை எல்லோரும் ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். உண்மையிலேயே குடும்பத்தோடு அங்கே குடிபெயர்ந்து, திரும்பி வரும்போதும் அங்கேதான் வரப்போகிறீர்கள் என்றால் அது செல்லும். வீடும் வேலையும் பழைய இடத்திலேயே இருக்க, உறவினர் வீட்டு முகவரியில் ஓர் அட்டை வாங்கியது மட்டும் சான்றானால், தணிக்கையில் அது நிற்காது.

காகிதங்கள் எல்லாம் ஒரே கதையைச் சொல்லட்டும்

டொமிசைலை மாற்றிவிட்டேன் என்று வாதிடுபவருக்கு ஒவ்வொரு காகிதமும் முக்கியம். நியூயார்க் தணிக்கையாளர்கள் வீடு, தொழில் ஈடுபாடு, செலவிட்ட காலம், மனத்துக்கு நெருக்கமான பொருட்கள் இருக்கும் இடம், குடும்பம் என்று ஐந்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பூஜையறைப் படங்களும் நகைகளும் குடும்ப ஆல்பங்களும் பழைய வீட்டிலேயே இருக்க, இரண்டு பெட்டியோடு வெளிநாடு போனவர் அந்த நான்காவது தலைப்பில் என்ன பதில் சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

விலக்கு விதிகளின் வழியில் போகிறவருக்கு இந்த அலைச்சல் தேவையில்லை. டொமிசைலை அவர் மறுக்கவில்லை. ஓட்டுநர் உரிமமோ வங்கிக் கணக்கோ பழைய மாநிலத்தில் இருப்பது அவருக்கு முரண்பாடு ஆகாது. ஆயினும் சில காகிதங்களை இரு சாராரும் சரிசெய்யவேண்டும்.

கலிபோர்னியாவில் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குச் சொத்து வரிக்கான வீட்டின் மதிப்பில் 7,000 டாலர் கழிவு உண்டு. ஆண்டுக்கு ஏறக்குறைய 70 டாலர்தான் மிச்சமாகும். வீட்டை வாடகைக்கு விட்ட பிறகும் அந்தச் சலுகையை ரத்து செய்யாமல் விட்டால், இதுவே என் முதன்மை வசிப்பிடம் என்று நீங்களே கவுண்டி அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருப்பதாக ஆகும். 70 டாலருக்காகப் பல ஆயிரம் டாலர் வாதத்தைக் கெடுத்துக்கொள்ளவேண்டாம். வாடகைக்கு விடும்போதும் தெரிந்தவர் இருக்கட்டும் என்று விடாமல், சந்தை வாடகையில், ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் எழுத்துபூர்வமாக விடுங்கள்.

வாக்குரிமை பற்றி வீண் பயம் வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் குடிமக்கள் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்தியத் தேர்தலில் தபால் வாக்களிப்பது வரிக்கான வசிப்பு நிலையைப் பாதிக்காது என்று அந்தச் சட்டமே கூறுகிறது. மாநில, உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்களிப்பது வேறு விஷயம். டொமிசைலைத் துறந்ததாகச் சொல்பவர் அதைத் தவிர்ப்பது நல்லது. வாக்காளர் விண்ணப்பத்தில் திரும்பி வரும் எண்ணம் உண்டா, நிச்சயமில்லையா என்று ஒரு கட்டம் வரும்; அதில் நீங்கள் தேர்வது வரிக் கணக்கில் சொல்வதோடு ஒத்துப்போகட்டும்.

அடுத்தது சம்பளப் பட்டியல். அமெரிக்க நிறுவனத்தின் சம்பளப் பிரிவுக்கு யாராவது சொல்லாத வரை அது பழைய மாநிலத்துக்கே வரி பிடித்துக்கொண்டிருக்கும். புறப்படுவதற்கு முன்பே மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் தெரிவித்து, சம்பளத்தில் எவ்வளவு மாநில வரி பிடிப்பது என்று சொல்லும் படிவத்தை (கலிபோர்னியாவானால் டிஇ 4, நியூயார்க்கானால் ஐடி-2104) திருத்திக் கொடுங்கள். ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி ஆண்டு முடிவில் வரும் டபிள்யூ-2 படிவத்தின் 15 முதல் 17 வரையுள்ள கட்டங்களைப் பாருங்கள்: அங்கே வெளிநாட்டுச் சம்பளமும் கலிபோர்னியா ஊதியமாகக் காட்டப்பட்டிருந்தால், திருத்திய படிவத்தைக் கேட்டு வாங்காமல் கணக்குத் தாக்கல் செய்யாதீர்கள். பெரிய நிறுவனங்கள் வரிச் சமன்பாட்டுக் கொள்கை வைத்திருப்பதுண்டு. ஊரில் இருந்திருந்தால் என்ன வரி கட்டியிருப்பீர்களோ அதை உங்களிடம் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை நிறுவனமே ஏற்கும். அதில் மாநில வரி அடங்குமா என்று கையெழுத்திடும் முன் கேளுங்கள்.

நாள் கணக்குக்கு ஓர் எளிய அட்டவணை போதும்: தேதி, இருந்த நாடு அல்லது மாநிலம், சான்று. பல விமான நிலையங்களில் இப்போது கடவுச்சீட்டில் முத்திரையே குத்துவதில்லை, ஆகவே போர்டிங் பாஸ், பயணச்சீட்டு ரசீது, கடனட்டைப் பட்டியல் ஆகியவற்றைச் சேமித்து வையுங்கள். நியூயார்க் தணிக்கையில் கைபேசிப் பதிவுகளைக் கேட்பதும் வழக்கம். நியூயார்க்கில் ஒரு நாளின் சிறு பகுதியைக் கழித்தாலும் அது முழு நாளாகவே எண்ணப்படும். விமானம் மாறுவதற்காக நிலையத்துக்குள்ளேயே இருந்த நேரத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

வசிக்காதவர் ஆன பிறகும் வரி உள்ள வருமானங்கள்

வசிக்காதவர் என்ற நிலை கிடைத்தாலும் அந்த மாநிலத்தில் விளைந்த வருமானத்துக்கு வரி உண்டு. வீட்டு வாடகை இதில் முதலாவது. நிறுவனப் பங்குகள் இரண்டாவது: ஆர்எஸ்யு, அதாவது நிறுவனம் ஊழியருக்குத் தவணை முறையில் தரும் பங்குகள், வழங்கப்பட்ட நாள் முதல் கைக்கு வரும் நாள் வரை எத்தனை வேலை நாட்கள் கலிபோர்னியாவில் கழிந்தனவோ அந்த விகிதத்தில் அவற்றின் மதிப்புக்கு அங்கே வரி. நான்காண்டுத் தவணையில் மூன்றாண்டை அங்கே கழித்துவிட்டு, கடைசித் தவணையைச் சிங்கப்பூரில் பெறுகிறவர் அதில் பெரும்பகுதிக்குக் கலிபோர்னியா வரி கட்டுவார்.

விசா முத்திரைக்காகச் சென்னைக்குப் போய்ச் சில மாதம் மாட்டிக்கொண்டு அங்கிருந்தே வேலை பார்க்கிறவர்கள் வசிப்பவர்களாகவே தொடர்கிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன எந்த விலக்கும் எட்டாது. நியூயார்க் நிறுவனத்துக்கு வெளிநாட்டிலிருந்து வேலை செய்கிறவர், வசிக்காதவராகவே ஆனாலும், நிறுவனத்தின் தேவைக்காக அல்லாமல் தன் வசதிக்காக வெளியே இருந்தால் அந்த நாட்களையும் நியூயார்க் வேலை நாட்களாகவே அந்த மாநிலம் எண்ணும். கலிபோர்னியா சம்பளக்காரர்களுக்கு வேலை செய்த இடத்தைத்தான் பார்க்கிறது. ஆனால் தனி ஒப்பந்ததாரராக இருந்தால், வாடிக்கையாளர் சேவையின் பயனைப் பெறும் இடத்தைப் பார்க்கிறது. 401(கே) போன்ற ஓய்வூதிய வருமானத்துக்கு, வசிக்காதவரிடம் எந்த மாநிலமும் வரி கேட்க முடியாது. 1996-இல் வந்த மத்தியச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது.

கணக்குத் தாக்கலும் திரும்பி வரும் ஆண்டும்

புறப்படும் ஆண்டில் பகுதி ஆண்டு வசித்தவராக, கலிபோர்னியாவில் 540-என்ஆர் படிவத்திலும் நியூயார்க்கில் ஐடி-203 படிவத்திலும் கணக்குக் கொடுக்கவேண்டும். 540-என்ஆரில் உலகம் முழுவதிலும் ஈட்டிய வருமானத்தையும் காட்டச் சொல்வதைப் பார்த்துப் பலர் திடுக்கிடுகிறார்கள். அது வரி விகிதத்தைக் கண்டுபிடிப்பதற்காக; வரி விழுவது கலிபோர்னியாப் பங்குக்கு மட்டுமே.

வெளிநாட்டில் கழித்த முழு ஆண்டுக்கு, மாநிலத்தில் சிறிதளவு வருமானம் இருந்தாலும் வசிக்காதவர் கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள் என்பேன். தாக்கல் செய்த கணக்கை மறுபடி திறக்கக் கலிபோர்னியாவுக்குப் பொதுவாக நான்கு ஆண்டுகள், நியூயார்க்குக்கு மூன்று ஆண்டுகள். தாக்கலே செய்யாத ஆண்டுக்குக் காலவரம்பு ஓடத் தொடங்குவதே இல்லை. பத்தாண்டு கழித்தும் கேட்கலாம். அந்த நேரத்தில் பழைய ஒப்பந்தத்தையும் பயணச்சீட்டுகளையும் எங்கே தேடுவது? நாள் அட்டவணை, ஒப்பந்தம், வாடகைப் பத்திரம், டபிள்யூ-2 எல்லாவற்றையும் ஆண்டு வாரியாக ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

திரும்பி வரும் ஆண்டில் கவனிக்கவேண்டியது பணம் கைக்கு வரும் தேதி. கலிபோர்னியாவில் மறுபடி வசிப்பவர் ஆன நாள் முதல், எங்கே எப்போது உழைத்ததற்கானதாக இருந்தாலும், கைக்கு வரும் பணம் முழுவதும் வரிக்கு உட்படும். மியூனிக்கில் செய்த வேலைக்கான போனஸ் நீங்கள் சான் ஹோசே வந்து இறங்கிய அடுத்த மாதம் வந்தால், அது கலிபோர்னியா வருமானமே. எனவே திரும்பும் தேதி முடிவானதும் சம்பளப் பிரிவிடம் பேசி, போனஸையும், எடுக்காத விடுப்புக்கான தொகையையும், வெளிநாட்டுப் படிகளின் பாக்கியையும் புறப்படும் முன்பே பெற்றுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பங்குகளை விற்கும் எண்ணம் இருந்தால் அதையும் அந்தத் தேதிக்கு முன்பே முடிப்பது நல்லது, ஆனால் கலிபோர்னியாவின் 2,00,000 டாலர் வரம்பை அந்த விற்பனை தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் ஒன்றரை ஆண்டு எண்ணிவைத்த நாட்களுக்கும் சேர்த்து விலக்கு கைநழுவும்.